மூன்று பேர் மட்டும் வாசித்த கட்டுரை

எங்கள் சஞ்சிகைக்கு வாசகர்களைவிட எதிரிகள்தான் அதிகம் என்று ஆசிரியர் பெருமையாகச் சொல்வார். இரண்டு கூட்டத்திலும் இருப்பது ஒரே ஆட்கள்தான் என்பது என் சந்தேகம். சந்தேகத்துக்கு என்னிடம் எப்போதும் குறைவில்லை. பிறந்து வளர்ந்த இடம் அப்படி.

மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வரும் இடதுசாரிச் சஞ்சிகை அது. ரொறன்ரோவின் ஸ்காபரோப் பகுதித் தமிழ்க் கடைகளின் வாசலில், கோயில் திருவிழா அறிவித்தல்களுக்கும் வீடு விற்பவர்களின் சிரித்த முகங்களுக்கும் நடுவில் இலவசமாகக் கிடக்கும். நடத்துபவர்கள் மூன்று பேர். ஆசிரியர் யாழ்ப்பாணத்துக்காரர், எழுபதைத் தாண்டியவர். இளம் வயதில் ஊரில் ஓர் இடதுசாரி வாரப் பத்திரிகையில் வேலை செய்தவர். அந்த அச்சகத்துக்கு அரசாங்கம் சீல் வைத்த நாளில் வாசலில் நின்று பார்த்தவர். இங்கே வந்து கார் உதிரிப்பாகத் தொழிற்சாலையில் ஓய்வு பெறும் வரை உழைத்தார். நான் அவரை அண்ணை என்பேன். எங்கள் ஊரில் நானா என்றோ காக்கா என்றோ சொல்லியிருப்பேன். ரொறன்ரோவுக்கு வந்த பிறகு எல்லாரும் கொஞ்சம் கொஞ்சமாக யாழ்ப்பாணத்தாராகிவிடுகிறோம்.

இரண்டாவது ஆள் மட்டக்களப்பில் படிப்பித்து ஓய்வு பெற்ற ரீச்சர். மூன்றாவது நான், கிழக்கிலங்கை முஸ்லிம், ஊர்ப்பேச்சில் சோனகன். ஒரு பிளாசாவில் பலசரக்குக் கடைக்கும் நகைக்கடைக்கும் இடையில் சின்ன அச்சகம் வைத்திருக்கிறேன். கலியாண அழைப்பிதழ், பெண்பிள்ளைகளின் சாமத்தியவீட்டுப் பதாகை, முப்பத்தோராம் நாள் நினைவு மலர் எல்லாம் அடிப்பேன். பாதித் தேவாரம் எனக்கு மனப்பாடம். பக்தியால் வந்ததல்ல, எழுத்துப்பிழை திருத்தித் திருத்தி வந்தது.

ஞாயிறு பின்னேரங்களில் மல்வேர்னில் அண்ணையின் அப்பார்ட்மென்டில் கூடுவோம். அண்ணையின் மனைவியை நான் அக்கா என்று கூப்பிடுவேன். அவர் தேத்தண்ணியும் றோல்ஸும் கொண்டுவந்து வைப்பார்.

"உங்களுக்காகத்தான் தம்பி. அந்த ஹலால் கடையிலைதான் இறைச்சி வாங்கினனான்."

ஒவ்வொரு ஞாயிறும் இதைச் சொல்வார். அதில் அன்பைத் தவிர வேறொன்றும் இல்லை என்பது என் மனைவியின் கட்சி. இருக்கலாம். ஆனால் ஒவ்வொரு கிழமையும் சொன்னால், நீ வேறு ஆள் என்பதையும் ஒவ்வொரு கிழமையும் நினைவுபடுத்துகிற மாதிரித்தானே? றோல்ஸைத் தின்றுகொண்டே இப்படியும் யோசிக்கிற பிறவி நான்.

அந்த வருடம் அண்ணை ஒரு தொடர் எழுதினார். ஜார் மன்னனின் ரஷ்யப் பேரரசில் சோசலிசப் பத்திரிகைகள் தணிக்கைக்குத் தண்ணி காட்டிய கதை. தேடித்தேடி வாசித்து, நீலப் பேனாவால் தாளில் எழுதுவார். அக்கா அதைச் சமையலறை மூலையில் இருந்த கணினியில் தட்டச்சு செய்து எனக்கும் ரீச்சருக்கும் அனுப்புவார். ரீச்சர் பிழை பார்ப்பார். நான் பக்கம் அமைப்பேன்.

தொடர் நன்றாகத்தான் இருந்தது. என் தொழிலைப் பற்றியது என்பதால் நான் ஆசையாக வாசித்தேன். ஒரு பத்திரிகையைத் தடை செய்தால், அதே ஆட்கள் அடுத்த நாள் வேறு பெயரில் அதையே கொண்டுவருவார்களாம். சட்டப்படி ஒரு பிரதி தணிக்கை அலுவலகத்துக்குப் போக வேண்டும். அந்தப் பிரதியைக் கொண்டுபோகிறவர் மெதுவாக நடப்பாராம். பறிமுதல் செய்ய ஆள் வருவதற்குள் மிச்சப் பிரதிகள் பின்கதவால் தொழிற்சாலைகளுக்குப் போய்விடும். சிறைக்குப் போவதற்கென்றே ஓர் ஆசிரியரை வைத்திருப்பார்கள். அவர் ஒரு வரியும் எழுத மாட்டார். வழக்கு வந்தால் உள்ளே போய் இருப்பதுதான் அவர் வேலை. தணிக்கை அதிகாரி ஒரு பகுதியை வெட்டினால் அந்த இடத்தை வேறெதையாவது போட்டு நிரப்பாமல் வெள்ளையாகவே விட்டுவிடுவதும் உண்டு. வெட்டினார்கள் என்பது வாசகனுக்குத் தெரியட்டும் என்று.

ஓர் அத்தியாயம் மட்டும் எங்களுக்கு மிகக் கிட்ட வந்துவிட்டது. பத்திரிகை அலுவலகத்துக்குள்ளேயே பொலிசின் ஆள் இருந்த கதை. அவனும் கட்டுரை எழுதுவான், கூட்டத்தில் பேசுவான், சிறை போனவர்களுக்காகக் காசு சேர்ப்பான். போய் எல்லாவற்றையும் ஒப்பிப்பான். எழுத முதல் அண்ணை அதை எங்களுக்குச் சொல்லி முடித்ததும் ரீச்சர் அண்ணையைப் பார்த்தார். அண்ணை என்னைப் பார்த்தார். நான் றோல்ஸைப் பார்த்தேன்.

கடைசி அத்தியாயத்தில் அண்ணை ரஷ்யாவை விட்டுத் தன் ஊருக்கு வந்தார். தான் படித்த பள்ளிக்கூடத்தின் விளையாட்டு மைதானத்தைச் சுற்றி இராணுவம் போட்ட முட்கம்பி இன்னும் இருக்கிறது, அதைப் பற்றி எந்தப் பத்திரிகையும் எழுதுவதில்லை, எழுதாதே என்று யாரும் சொல்லவும் இல்லை, சொல்லாமலே எழுதாமல் இருக்கப் பழகிவிட்டோம் என்று எழுதியிருந்தார். நல்ல எழுத்து. ஆனால் நேரம்தான் சரியில்லை. அடுத்த மாதம் அண்ணை ஊருக்குப் போக இருந்தார். ஊரை விட்டு வந்த பிறகு அவர் ஒரு தடவைகூடத் திரும்பிப் போனதில்லை. உடன்பிறந்தவர்களில் மிஞ்சியிருந்தது ஒரு தங்கச்சி. அந்த மைதானத்துக்கு எதிர்வீடு. அவருக்கு இதயத்தில் சத்திரசிகிச்சை. பிழைத்து எழும்புவாரோ தெரியாது. போய்ப் பார்த்துவிட வேண்டும் என்று ரிக்கெற் எடுத்துவிட்டார் அண்ணை.

"கட்டுரைய நீங்க போய் வந்த பிறகு போடுவமே அண்ணை," என்று நானே ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன்.

"உது கோழைத்தனம் ஐசே," என்றார். அதோடு பேச்சு முடிந்தது.

அடுத்த ஞாயிறு நான் போனபோது மேசையில் தேத்தண்ணி இல்லை. அண்ணை சாய்மனையில் சாயாமல் நுனியில் இருந்தார். ரீச்சர் எனக்கு முதலே வந்து, கோட்டைக் கழற்றாமல் இருந்தார்.

"தங்கச்சி ரெலிபோன் எடுத்தவள்," என்றார் அண்ணை. "ரெண்டு பேர் வீட்டை வந்தவையாம். சாதாரண உடுப்போடை. உன்ரை அண்ணன் பள்ளிக்கூடத்து முட்கம்பியைப் பற்றியும் வேப்பமரத்தைப் பற்றியும் ஏன் எழுதுறான் எண்டு கேட்டவையாம்."

அப்படி இரண்டு பேர் வந்து கேட்டுவிட்டுப் போன வீடுகளை எனக்குத் தெரியும்.

"கட்டுர இன்னும் வெளிவரல்லயே," என்றேன்.

"அதுதானே ஐசே. வெளிவராத கட்டுரை அங்கை எப்பிடிப் போனது?"

அவர் கேட்டது எல்லாரையும்தான். பார்த்தது என்னை.

"மூண்டு பேர்தான் அதை வாசிச்சது. நான், ரீச்சர், நீர்." விரலை மடக்கி எண்ணினார். அக்கா சமையலறையில் குழாயைத் திறந்துவிட்டு ஏதோ கழுவிக்கொண்டிருந்தார்.

"எனக்கு அங்க சொல்லிக்கொள்ள ஒருத்தரும் இல்ல. என்னப் பாக்காதீங்க," என்றார் ரீச்சர். அவரை யாரும் பார்க்கவே இல்லை.

"நான் ஒருத்தரையும் சந்தேகப்படேல்லை," என்றார் அண்ணை. சந்தேகப்படாதவர் அதை ஏன் சொல்ல வேண்டும்? கொஞ்சம் பொறுத்து, மெல்லக் கேட்டார். "போன வருசம் நீர் ஊருக்குப் போய் வந்தனீரல்லே? எயர்போட்டிலை ஒரு கேள்வியும் கேக்கேல்லை எண்டு சொன்னனீர்."

சொன்னேன்தான். சகோதரியின் மகளுடைய கலியாணத்துக்குப் போய் வந்தேன். வந்து, இதே சாய்மனையில் இருந்து, ஒரு கரைச்சலும் இல்லாமல் போய் வந்தேன் என்று சந்தோசமாகச் சொன்னேன். ஊரிலிருந்து தேங்காய்ப்பாலில் கிண்டிய தொதல் கொண்டுவந்து கொடுத்தேன். மூன்று பேரும் சப்புக்கொட்டித் தின்றார்கள். அந்தக் கலியாணமும் அந்தத் தொதலும் அன்றைக்குச் சாட்சியாக என் முன்னால் வந்து நின்றன.

"நான்தான் சொன்னனெண்டு நினைக்கிறீங்களா அண்ணை? நேராக் கேளுங்க."

"நான் அப்பிடிச் சொல்லேல்லை."

"சொல்லாமத்தான் சொல்றீங்க."

எழுந்து சப்பாத்தைப் போட்டேன். கயிறு கட்டாமலே வெளியே வந்தேன். லிப்ட் கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்தபோது, காட்டிக்கொடுக்கிறவன் முகம் இப்படித்தான் இருக்குமோ என்று ஒரு கணம் எனக்கே தோன்றியது. எங்கள் பக்கத்தில் ஒரு காலத்தில் தமிழன் சோனகனைக் காட்டிக்கொடுப்பான் என்று ஒரு தெருவிலும், சோனகன் தமிழனைக் காட்டிக்கொடுப்பான் என்று அடுத்த தெருவிலும் பேசிக்கொள்வார்கள். இரண்டு தெருவிலும் ஆட்கள் செத்தார்கள். அதையெல்லாம் பேசித் தீர்க்கலாம் என்று நம்பித்தான் நான் இந்தச் சஞ்சிகைக்குள் வந்தேன். அன்றைக்கு எனக்குக் கோபம் வந்தது, வெட்கமாகவும் இருந்தது. குற்றம் செய்யாதவனுக்கு வெட்கம் எங்கிருந்து வருகிறது என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

அடுத்த நாள் அண்ணையின் குரல் வட்ஸ்அப்பில் வந்தது. "அந்தக் கட்டுரையை எடுத்துவிடும். அந்த இடத்திலை ஏதும் விளம்பரம் போடும்." அவ்வளவுதான். சாப்பிட்டீரோ என்றுகூடக் கேட்கவில்லை. வழக்கமாகக் கேட்பார்.

அந்தக் கிழமை முழுக்க நானும் சும்மா இருக்கவில்லை, சந்தேகப்பட்டேன். என்னை ஒருவர் சந்தேகப்பட்டால் பதிலுக்கு நான் நாலு பேரையாவது சந்தேகப்பட வேண்டாமா? முதலில் ரீச்சர். அங்கே ஒருத்தரும் இல்லை என்றாரே, அரசாங்க உத்தியோகத்தில் ஒரு மருமகன் இருப்பதாகப் போன புத்தாண்டுக்குச் சொன்னது யார்? பிறகு அண்ணை. கட்டுரையைப் போடப் பயந்து, பயந்தேன் என்று சொல்ல மானம் இடம் கொடுக்காமல் அவரே கட்டிய கதையாக ஏன் இருக்கக் கூடாது? பிறகு என் கணினி. பிறகு அச்சு இயந்திரத்துக்கு மை கொண்டுவருகிற பையன். அவனுக்குத் தமிழே தெரியாது. அதுவே எனக்குப் பெரிய சந்தேகமாக இருந்தது.

"உங்களுக்கு ஏன் இந்தத் தேவையில்லாத வேல? கலியாண கார்ட் அடிச்சாக் காணாதா?" என்றாள் மனைவி. அவள் மட்டும்தான் பட்டியலில் இல்லை. அவளுக்கு நான் சஞ்சிகையை வாசிக்கக் கொடுப்பதே இல்லை.

கட்டுரையைப் பக்கத்திலிருந்து எடுப்பதற்காக ஒரு நாள் கடையில் கணினியைத் திறந்தேன். அழிக்க முதல் கடைசியாக ஒரு தடவை வாசித்தேன். மைதானம் இருந்தது. முட்கம்பி இருந்தது. சொல்லாமலே பழகிவிட்டோம் என்ற வரி இருந்தது. வேப்பமரம் இல்லை.

மறுபடி வாசித்தேன். வேம்பு என்று போட்டுத் தேடினேன். மரம் என்று தேடினேன். ரீச்சர் பிழை திருத்தி அனுப்பிய பிரதியையும் திறந்து பார்த்தேன். ஒரு மரமும் இல்லை. வந்தவர்கள் வேப்பமரத்தைக் கேட்டார்கள் என்றால் அவர்கள் வாசித்தது எனக்கு வராத ஒன்றை. ரீச்சருக்கும் வராத ஒன்றை. அப்படி ஒன்று உலகத்தில் இருந்தது ஒரே ஒரு இடத்தில்தான். அண்ணையின் நீலப் பேனாத் தாளில். அந்தத் தாள் அவர் கையிலிருந்து போவது ஒரே ஒரு கைக்குத்தான்.

எனக்கு என்மேலேயே எரிச்சல் வந்தது. அச்சுத்தொழில் செய்கிறவன் நான். எழுதியவருக்கு அடுத்தபடியாக முதலில் வாசிப்பவர் எழுத்துக் கோப்பவர் என்பது எனக்குத் தெரியாத விஷயமா? தொழிலாளர் விடுதலை, பெண் விடுதலை என்று பக்கம் பக்கமாக எழுதிய நாங்கள், மூன்று பேர்தான் வாசித்தோம் என்று விரல் மடக்கியபோது, அதை முழுக்கத் தட்டச்சு செய்த மனுசியை எண்ணவே இல்லை. மூன்று பேருக்கும் அது தோன்றவில்லை. அக்கா அடுத்த அறையில்தான் நின்றார்.

செவ்வாய்க்கிழமைகளில் அண்ணை முழங்கால் பயிற்சிக்குப் போவார். அந்த நேரம் பார்த்துப் போனேன். அக்கா கதவைத் திறந்தார்.

"அவர் இல்லை தம்பி."

"தெரியும் அக்கா. உங்களத்தான் பாக்க வந்தன்."

உள்ளே போய் இருந்தேன். சுற்றி வளைக்க எனக்குப் பொறுமை இல்லை.

"அக்கா, வேப்பமரம் எங்க?"

அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே எதிரில் இருந்தார். மறைக்கப் பார்ப்பார் என்று நினைத்து வாதத்தோடு போயிருந்தேன். தேவைப்படவில்லை.

"அவர் எழுதுறதிலை அரைவாசி மரமும் மழையும்தான்," என்றார். "நான் அதுகளை விட்டிட்டுத்தான் அடிக்கிறனான். எழுதினது தனக்குத் தெரியும் எண்டு அவர் பிறகு வாசிக்கிறேல்லை. இவ்வளவு காலமும் அவருக்குத் தெரியாது."

இத்தனை வருடமாக அண்ணையின் எழுத்து இறுக்கமானது என்று ஊரெல்லாம் புகழ்ந்தோமே, அது இந்தச் சமையலறை மூலையில் நடந்த வேலை. வேறு நேரமாக இருந்தால் நான் சிரித்திருப்பேன்.

"அங்க வந்த ரெண்டு பேர்?"

"ஒருத்தரும் வரேல்லை தம்பி." சேலைத் தலைப்பால் மேசையில் இல்லாத தூசியைத் துடைத்தார். "நான்தான் அவற்றை தங்கச்சி மச்சாளுக்கு ரெலிபோன் எடுத்து, அவர் எழுதின பேப்பரைப் பாத்து வாசிச்சுக் காட்டினன். இப்பிடி ரெண்டு பேர் வந்து கேட்டவை எண்டு அவருக்குச் சொல்லு எண்டு சொல்லிக் குடுத்தன். அவள் மரத்தையும் சேர்த்துச் சொல்லிப்போட்டாள். அதை நான் விட்டது அவளுக்கு எப்பிடித் தெரியும்?"

"ஏன் அக்கா?"

"இதை அச்சடிச்சுப்போட்டு அவர் அங்கை போய் இறங்கினால் மறிப்பாங்களோ, மறிக்க மாட்டாங்களோ? எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியுமோ?"

எனக்கும் தெரியாது. யாருக்கும் தெரியாது. அதில்தானே எல்லா அதிகாரமும் இருக்கிறது.

"நான் சொன்னால் கோழை எண்டுவார். ஆக்கள் வந்து வெருட்டினவை எண்டால்தான் கேப்பார். ஆனால் உண்மையிலேயே ஆக்கள் வந்த பிறகு நிப்பாட்டி என்ன பிரயோசனம்? அதுதான் வாறதுக்கு முன்னம் நானே வரப்பண்ணினன்."

தணிக்கை பற்றி ஒரு வருடமாக நாங்கள் போட்ட தொடரில் இப்படி ஒரு வரி இல்லை.

"சரி அக்கா. அப்ப நான்?"

"அவர் உங்களை நினைப்பார் எண்டு நான் யோசிக்கேல்லை தம்பி." பிறகு தலையை ஆட்டினார். "இல்லை. பொய் சொல்லக்கூடாது. யோசிச்சனான். ரீச்சர் எண்டால் உடைஞ்சுபோயிடுவா. நீங்கள் தாங்குவீங்கள் எண்டு நினைச்சன். உங்களுக்கு உது புதிசில்லைத்தானே."

அவர் அதைக் கெட்ட மனதோடு சொல்லவில்லை. கண் கலங்கித்தான் சொன்னார். அதனால்தான் எனக்கு அது அவ்வளவு சுட்டது. அண்ணையின் பார்வையில்கூட அன்று கொஞ்சம் தயக்கம் இருந்தது. இந்த அம்மா என் பாரத்தை முதலே நிறுத்துப் பார்த்துவிட்டுத் தூக்கி என் தலையில் வைத்திருக்கிறார். எத்தனை வருட றோல்ஸ், எத்தனை தேத்தண்ணி. என் சந்தேகம் எல்லாம் பிழை என்று என்னைத் திட்டிக்கொண்டிருந்த நாட்களும் உண்டே என்று நினைத்தபோது அழுகை வந்தது. அழவில்லை.

"அவர் ஊருக்குப் போய் வரட்டும் தம்பி. இப்ப தெரிஞ்சால் வீம்புக்கெண்டு கட்டுரையைப் போட்டிட்டுத்தான் போவார். வந்தாப்போலை நானே சொல்லுறன். உங்கடை முன்னாலை வைச்சுச் சொல்லுறன்."

ஒத்துக்கொண்டேன். அவருக்காக இல்லை. என் உம்மா மௌத்தானபோது எனக்கு இங்கே இன்னும் அகதிப் பேப்பர் கிடைக்கவில்லை, போக முடியவில்லை. ஒரு பார்சல் கட்டும் வேலையில் நின்றபடி போனில் செய்தியைக் கேட்டேன். ஒரு மனிதன் தன் தங்கச்சியின் முகத்தைப் பார்ப்பதற்கு நான் குறுக்கே நிற்க மாட்டேன், அவன் என்னை என்ன நினைத்தாலும்.

ஆனால் விளம்பரம் போடவில்லை. அண்ணை சொன்னதில் அந்த ஒன்றை மட்டும் நான் கேட்கவில்லை. தொடரின் தலைப்பை மேலே வைத்துவிட்டு, பக்கத்தை வெள்ளையாக விட்டு அடித்தேன். ஜாரின் காலத்து ஆட்கள் செய்தது அரசாங்கத்துக்கு எதிராக. நான் யாருக்கு எதிராகச் செய்தேன் என்று கேட்காதீர்கள். கோபத்துக்கு ஒரு பக்கம் தேவைப்பட்டது.

அந்த இதழைப் போல எங்கள் இதழ் எதுவும் கடைகளில் தீர்ந்து போனதில்லை. "என்ன மகன், மை முடிஞ்சு போச்சா?" என்று ரீச்சர் மட்டும்தான் வெகுளியாகக் கேட்டார். மற்றவர்களுக்கெல்லாம் விளங்கிவிட்டது. எங்கள் ஆட்களுக்கு அச்சடித்த பக்கத்தைவிட வெள்ளைப் பக்கத்தை வாசிக்கத் தெரியும். தூதரகத்திலிருந்து ஆள் வந்து வெட்டச் சொன்னதாக ஒரு கதை. பழைய இயக்க ஆட்கள் வெட்டச் சொன்னதாக இன்னொன்று. நகைக்கடைக்காரர் பக்கத்தை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்துவிட்டு, "ஆரைப் பற்றி எழுதினது? எனக்கு மட்டும் சொல்லும்," என்றார். அண்ணை பலசரக்குக் கடை வாசலில் நெடுநேரம் அந்தப் பக்கத்தைப் பார்த்து நின்றார் என்றும், ஒரு பிரதியை மடித்துக் கோட்டுக்குள் வைத்துக்கொண்டு போனார் என்றும் கடைக்காரர் சொன்னார். அந்தக் கிழமையே விமானம் ஏறினார்.

நல்லபடியாகப் போய் வந்தார். ஒருவரும் மறிக்கவில்லை. திரும்பி வந்து இரண்டு நாளில், அக்காவையும் கூட்டிக்கொண்டு கடைக்கே வந்தார். மெலிந்திருந்தார், ஆனால் முகத்தில் வெயில் பட்ட களை. நான் ஒரு நினைவு மலரின் தாள்களைச் சேர்த்து ஊசி அடித்துக்கொண்டிருந்தேன். வேலையை நிறுத்தினேன். அக்கா சொல்வதற்காகத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன்.

"தங்கச்சி எழும்பி நடக்கிறாள்," என்றார் அண்ணை. மைதானத்தில் கம்பி இன்னும் இருக்கிறது என்றார். வேப்பமரமும் நிற்கிறதாம். பிறகு மேசையில் கையை ஊன்றி, குரலைத் தாழ்த்தினார். "அவளை நேரிலை கேட்டனான் ஐசே. ரெண்டு பேர் வந்தவை எண்டு சொன்னியே, ஆர் எண்டு. இல்லை அண்ணை, ஒருத்தரும் வரேல்லை எண்டுறாள்."

தங்கச்சியே சொல்லிவிட்டார். நான் அக்காவைப் பார்த்தேன். அக்கா சுவரில் மாட்டியிருந்த கலியாண அழைப்பிதழ் மாதிரிகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர்களுடைய பிள்ளைகள் எல்லாம் கலியாணம் கட்டி முடித்தாயிற்று.

"பாவம்," என்றார் அண்ணை. "அப்பிடிச் சொல்லச் சொல்லி வெருட்டியிருக்கிறாங்கள். கண்ணைப் பாத்தாலே விளங்குது, எதையோ மறைக்கிறாள்."

அவர் மேசையைச் சுற்றி வந்து என் கையை இரண்டு கையாலும் பிடித்தார்.

"நடந்தது நடந்துபோச்சு. உமக்கும் அங்கை சொந்தக்காரர் இருக்கினம். உம்மையும் ஆரும் நெருக்கியிருப்பாங்கள், நீர்தான் என்ன செய்யலாம்? நான் ஒண்டையும் மனசிலை வைச்சிருக்கேல்லை."

அவருக்குக் கண் நிறைந்துவிட்டது. உண்மையாகவே என்னை மன்னித்துவிட்டார். என் வாழ்நாளில் யாரும் என்னை இவ்வளவு முழுமனதோடு மன்னித்ததில்லை.

"அக்கா," என்றேன், அவர் முதுகைப் பார்த்து. "நீங்க ஏதோ சொல்ல வேணுமெண்டு சொன்னீங்க."

அவர் திரும்பினார். அண்ணையைப் பார்த்தார். பிறகு என்னை.

"ஓம் தம்பி. ஞாயிற்றுக்கிழமை றோல்ஸ் செய்யிறன், கட்டாயம் வாங்கோ. அந்தக் கடையிலைதான் இறைச்சி வாங்குவன்."

நானே சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். என் மனைவியும் கேட்டாள். சொல்லி? தங்கச்சியே முகத்துக்கு நேரே சொன்னதை நம்பாதவர் நான் சொன்னால் நம்புவாரா? அக்காவையும் நான் வெருட்டி வைத்திருக்கிறேன் என்றுதான் நினைப்பார். அதற்கும் மன்னித்துவிடுவார். அதை என்னால் தாங்க முடியாது.

ஞாயிற்றுக்கிழமை போனேன். றோல்ஸ் நன்றாகத்தான் இருந்தது. அண்ணை ஊர்ப் பயணத்தைப் பற்றிப் புதுத் தொடர் தொடங்கியிருந்தார். மூலையில் அக்கா அதைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தார். இடையில் அவர் கை நின்று நின்று போகும் சத்தத்தை நான் கேட்டுக்கொண்டிருந்தேன். மரங்களை விடுகிறார் போல.

இதை எங்கள் சஞ்சிகையில் போட முடியாது. ஆட்களின் பெயர்களையும் பள்ளிக்கூடத்தின் பெயரையும் எடுத்துவிட்டேன். எடுக்கச் சொல்லி என்னிடம் யாரும் வரவில்லை. தட்டச்சுக்கும் ஒருவரிடமும் கொடுக்கவில்லை, கடையைப் பூட்டிவிட்டு நானே இருந்து அடித்தேன்.